தன் புத்தகத்தைத் தானே விற்கும் எழுத்தாளர்கள்: நேரில் பார்த்ததை எழுதுங்கள்

தேக்கா பூனை

சிங்கப்பூரில், நூலகக் கட்டடத்தில் ஒரு புத்தக வெளியீடு. வழக்கமான வரிசைதான்: தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, அடுக்கடுக்காக வாழ்த்துரை, முதல் பிரதி, கடைசியில் ஏற்புரை. முதல் புத்தகம் போடும் எழுத்தாளர். பின்னால் திரையில் 'நம்பினேன், நடந்தது' என்று கொட்டை எழுத்து. நன்றாகத்தான் பேசினார்.

ஆனால் எனக்கு மறக்காதது அந்தப் பேச்சு இல்லை. புத்தக மேசை அரங்கின் கடைக்கோடியில், கேசரிப் பாத்திரத்துக்குப் பக்கத்தில். வயதான அம்மா ஒருவர் ஐம்பது வெள்ளி (டாலர்) நோட்டை நீட்டினார். புத்தகம் பதினைந்து வெள்ளி. மேசையில் இருந்த பையனிடம் சில்லறை இல்லை. "பேநவ் பண்ணலாமா தம்பி?" என்று கைப்பேசியிலேயே பணம் அனுப்பக் கேட்டார். "அண்ணன் நம்பர்தான் ஆன்ட்டி, அவரு மேடையில இருக்காரு." அம்மா நோட்டை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு வடை வரிசைக்குப் போய்விட்டார். அந்த மடிப்பு இன்னும் கண்ணிலேயே இருக்கிறது.

மேசையை வாசலில் போடுங்கள், உள்ளே வரும்போதே கண்ணில் படட்டும். வங்கிச் செயலியிலேயே பேநவ் கியூஆர் எடுக்கலாம், தொகையையும் அதிலேயே பதித்துவிடலாம். அதை ஏ4 தாளில் அச்சிட்டு அட்டையில் ஒட்டி நிறுத்துங்கள். பணம் வந்த தகவல் எழுத்தாளர் கைப்பேசிக்குப் போகும், அவரோ மேடையில் இருப்பார். அதனால் வாங்கியவர் தன் திரையைக் காட்டினால் போதும் என்று மேசையில் இருப்பவரிடம் முதலிலேயே சொல்லிவையுங்கள். ஐந்து வெள்ளி, இரண்டு வெள்ளி நோட்டுகள் ஒரு டப்பா நிறைய. பிளாஸ்டிக் உறையைப் பிரித்த பிரதி நாலைந்து மேலே கிடக்கவேண்டும். புரட்டிப் பார்க்க முடியாத புத்தகத்தை யார் வாங்குவார்?

ஈசூன் வாசகி

பூனையாரே, மேசையை வாசலில் போட்டாலும் கூரையில் போட்டாலும், வந்திருப்பது யார் என்று முதலில் பார்க்கவேண்டாமா? வாழ்த்துரை சொல்ல ஏழு பேரைக் கூப்பிட்டால் அரங்கில் பாதி அந்த ஏழு குடும்பம்தான். அவர்களுக்குப் புத்தகம் சும்மா போகும்.

நான் பார்த்தது வாட்ஸ்அப்பில் வந்த ஓர் அழைப்பிதழ். சிறப்பு விருந்தினர் படம் ஏழு, கோட்டும் டையுமாக. புத்தக அட்டை கீழ் மூலையில் தபால்தலை அளவு. என்ன புத்தகம், கவிதையா கதையா, ஒரு வரி இல்லை. 'அனைவரும் வருக' மட்டும் தங்க எழுத்தில்!

அந்தச் செய்தி இப்படி இருக்கவேண்டும். படம் ஒன்றே ஒன்று, அது அட்டைப்படம். அதற்குக் கீழே புத்தகத்திலிருந்து நூறு சொல்லுக்குள் ஒரு பத்தி, சுவாரசியமான இடத்தில் வெட்டியது. பிறகு நாள், நேரம், எந்த எம்ஆர்டி ரயில் நிலையம், எந்த வாசல். வர முடியாதவர் வாங்குவதற்கு ஓர் இணைப்பு. விருந்தினர் பெயர் கடைசியில் ஒரு வரி போதும். முதல் செய்தி மூன்று வாரம் முன்னால், இரண்டாவது அந்த வாரம் வியாழக்கிழமை, மூன்றாவது அன்று காலை. மூன்றிலும் வேறு வேறு பத்தி. ஒரே படத்தை மூன்று தடவை அனுப்பினால் குழுவை மியூட்டில் போட்டுவிடுவார்கள்.

ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடக்கும்போதே வெளியீட்டை வைத்தால் கூட்டம் தானாக வரும் என்று நினைக்கிறார்கள். அந்த மாதம் சனி, ஞாயிறு எல்லாம் ஒரே நேரத்தில் இரண்டு மூன்று நிகழ்ச்சி. அதே ஆட்கள்தான் அங்கும் இங்கும் ஓடவேண்டும். பேசாமல் ஜூலை, ஆகஸ்டில் வையுங்கள்.

தமிழ் முரசு நாளிதழுக்கும் ஒலி 96.8 வானொலிக்கும் குறிப்பு அனுப்புகிறவர்கள் தங்கள் வாழ்க்கை வரலாற்றைப் பிடிஎஃப்பில் அனுப்பவேண்டாம். புத்தகம் எதைப் பற்றி, அதில் சிங்கப்பூர் வாசகருக்கு என்ன இருக்கிறது என்று நூற்றைம்பது சொல், தெளிவான அட்டைப்படம், பேசக் கூடிய ஒரு தொலைபேசி எண். அவ்வளவுதான்.

அச்சுக்கோப்பு

விளம்பரம் எல்லாம் சரி. புத்தகம் புத்தகமாக இருக்கவேண்டாமா?

ஒரு கவிதைத் தொகுப்பு. சென்னையில் அடித்து வந்தது. பெட்டியைப் பிரித்ததும் எழுத்தாளர் முகம் மலர்ந்தது, புத்தகத்தின் முதுகைத் திருப்பியதும் வாடியது. முன்னட்டையில் இருக்கவேண்டிய நிறம் இரண்டு மில்லிமீட்டர் நழுவி முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தது. முந்நூறு பிரதியும் அப்படியே.

காரணம் எளிது. டெமி என்கிற புத்தக அளவு, 160 பக்கம் என்றால் 80 தாள். 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) மேப்லித்தோ தாளில் முதுகு ஏறக்குறைய 7 மில்லிமீட்டர். அட்டை வரைபவர் அதற்கு வரைந்து கொடுத்துவிட்டார். பிறகு யாரோ "நேச்சுரல் ஷேட் 80 போட்டா லுக்கா இருக்கும்" என்று பருமனான தாளுக்கு மாற்றிவிட்டார்கள். முதுகு 9 மில்லிமீட்டரைத் தாண்டிவிட்டது. தாள் முடிவாகி, பக்க எண்ணிக்கை முடிவாகி, அதற்குப் பிறகுதான் அட்டைக் கோப்பு. இந்த வரிசையை மாற்றக் கூடாது.

பக்கத்தையும் பதினாறு பதினாறாக எண்ணுங்கள். ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் அடித்து மடிக்கும் பகுதி, பதினாறு பக்கம். உங்கள் கோப்பு 163 பக்கத்தில் முடிந்தால் அச்சகம் 176க்கு ஏற்றும், கடைசியில் 13 வெற்றுப் பக்கம். அணிந்துரையில் மூன்று பக்கம் குறைத்தால் 160இல் நிற்கும். குறைக்க முடியாத அணிந்துரையை நான் இதுவரை பார்த்ததில்லை.

அடுத்தது ஐஎஸ்பிஎன், புத்தகத்துக்கான பன்னாட்டு அடையாள எண். இங்கே வெளியிடுகிறவர் நீங்கள் என்றால் தேசிய நூலக வாரியத்திடம் இலவசமாகவே வாங்கலாம், 978-981 என்று தொடங்கும். அச்சுக்கு ஒன்று, மின்னூலுக்கு வேறொன்று. இங்கே வெளியான அச்சு நூலில் இரண்டு பிரதியை நான்கு வாரத்துக்குள் வாரியத்திடம் ஒப்படைப்பது சட்டம். வெளியீட்டு விழாக் களைப்பில் பலரும் மறப்பது இதைத்தான். மானியத்துக்கு விண்ணப்பிக்கிறவர்கள் அச்சுக்குக் கொடுக்கும் முன்பே விண்ணப்பிக்கவேண்டும். அச்சான புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய் நிற்பதில் பயனில்லை.

கடைசியாக, சாங்கி விமான நிலையம். 160 பக்க டெமி நூல் ஒன்று சுமார் 190 கிராம். நூறு பிரதி 19 கிலோ. 'பெட்டியில போட்டுக் கொண்டு வந்துடலாம்' என்று எல்லாரும் சொல்வார்கள். புத்தகத்துக்குச் சுங்கத் தீர்வை இல்லை, ஜிஎஸ்டி உண்டு. பயணிகளுக்கான ஜிஎஸ்டி சலுகை சொந்த உபயோகத்துக்கும் அன்பளிப்புக்கும்தான், விற்பனைச் சரக்குக்குக் கிடையாது. ஒரே புத்தகம் நூறு பிரதி இருந்தால் அது சொந்த உபயோகம் என்று எந்த அதிகாரியும் நம்பமாட்டார். அச்சக ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு சிவப்பு வழியில் போய் அறிவித்து, 9 விழுக்காடு கட்டுங்கள். பெருந்தொகை இல்லை. பச்சை வழியில் போய் மாட்டினால்தான் பெருந்தொகை.

விடியல் விரும்பி

எல்லாரும் குறையே சொல்கிறீர்கள். நம்பிக்கை இல்லாமல் யாராவது முந்நூறு பிரதி அடிப்பார்களா? ஒரு பயிலரங்கில் பார்த்தேன். இருபது பேர், வயது வித்தியாசம் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு தங்கள் புத்தகம் கடை அலமாரியில் இருப்பதை மனக்கண்ணில் பார்த்தார்கள். அட்டை என்ன நிறம், யார் கையில் எடுக்கிறார், எல்லாம். மூலையில் இருந்த ஒருவர் கண்ணைத் திறக்கும்போது கன்னத்தில் கண்ணீர். அதைப் பார்த்தவர்கள் இப்படிக் கேலி பேசமாட்டார்கள். எண்ணம் பெரிதாக இருந்தால் செயல் பின்னால் வரும்.

மை தீராப் பேனா

விடியல் அண்ணே, கேலி இல்லை. ஆனால் 'பின்னால் வரும்' என்கிற இடத்தில்தான் வண்டி நிற்கிறது. கப்ரியேலே எட்டிங்கன் என்ற உளவியல் பேராசிரியர் இதைத்தான் பல ஆண்டுகளாக ஆராய்ந்தார். 2002இல் மாயர் என்ற ஆய்வாளருடன் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், வேலை தேடும் பட்டதாரிகளைக் கவனித்தார்கள். நல்ல வேலை கிடைத்துவிட்ட மாதிரி இனிமையாகக் கற்பனை செய்தவர்களுக்குப் பின்னாளில் வந்த வாய்ப்பும் குறைவு, சம்பளமும் குறைவு. விண்ணப்பம் போட்டதே குறைவு. அதே ஆய்வில், 'என்னால் முடியும்' என்று எதிர்பார்ப்பு வைத்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். ஆக, நம்பிக்கை வேறு, மனக்கண்ணில் படம் ஓட்டுவது வேறு. படம் ஓட்டும்போது கிடைத்துவிட்ட திருப்தி வந்துவிடுகிறது. அப்புறம் எதற்கு எழுந்து போய்க் கடைக்காரரிடம் பேசுவது?

பயிலரங்கில் கண்ணை மூடச் சொன்னது தப்பில்லை. மூடின கண்ணைத் திறந்ததும் அடுத்த கேள்வி கேட்டிருக்கவேண்டும்: குறுக்கே நிற்பது எது? பணமோ நேரமோ அல்ல, உனக்குள்ளே இருப்பது. தெரியாதவரிடம் போய் 'என் புத்தகம்' என்று சொல்ல வாய் வராதது, பெரும்பாலும் அதுதான். அதற்கு 'இப்படி வந்தால் இப்படிச் செய்வேன்' என்று எழுதிவைப்பது. கோல்விட்சர் என்பவர் 1999இல் எழுதியது இது, சின்ன விஷயம்தான், ஆனால் பலிக்கிறது. 'இன்னும் தன்னம்பிக்கையோடு பேசுவேன்' என்று எழுதினால் பயனில்லை. 'கடைக்காரர் இடமில்லை என்றால், மூன்று பிரதி கமிஷனுக்கு வைக்கலாமா, இரண்டு மாதம் கழித்து வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்வேன்.' இப்படி. கமிஷன் 30 முதல் 40 விழுக்காடு கேட்பார்கள், அதற்கும் ஒரு வரி தயாராக இருக்கட்டும். வைத்துவிட்டு வரும்போது எத்தனை பிரதி, என்ன விலை, என்ன கமிஷன், எந்தத் தேதியில் கணக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

பாயிரம்

தன்னைத் தானே புகழ்வது தமிழ் மரபுக்கு ஆகாது என்று போன வெளியீட்டில் ஒரு பெரியவர் மேடையிலேயே சொன்னார். எழுத்தாளர் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பெரியவர் பாதி விதிதான் சொன்னார், அதுதான் உறுத்துகிறது.

13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் நன்னூல் என்ற இலக்கண நூலின் பாயிரத்தில், அதாவது முகவுரையில், இதை ஒழுங்காகவே வகுத்துவிட்டார். எத்தனை துறை கரைகண்டவனாக இருந்தாலும் தன்னைத் தான் புகழ்வது தகாது, ஆமாம். அடுத்த நூற்பாவிலேயே நான்கு விலக்கு: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றல் அறியாதவர் நடுவில், அவையில் வாதிட்டு வெல்லவேண்டிய நேரத்தில், எதிரி தன்னைப் பழித்தபோது. இந்த நான்கு இடத்திலும் புலவன் தன்னைப் புகழலாம்.

இன்றைக்கு மானிய விண்ணப்பமும் பதிப்பாளருக்கு எழுதும் கடிதமும் முதல் விலக்கு. இன்ஸ்டகிராமும் புத்தகக் கடையும் இரண்டாவது, அங்கே யாருக்கும் உங்களைத் தெரியாது. அந்த இரண்டிலும் அடக்கம் பார்த்து 'ஏதோ கிறுக்கியிருக்கிறேன்' என்று எழுதுகிறவர்கள்தான் உண்மையில் விதி தெரியாதவர்கள். நண்பர்கள் நிறைந்த வாட்ஸ்அப் குழுவில் தம்பட்டம் அடிப்பது எந்த விலக்கிலும் வராது.

இன்றைய அணிந்துரை மாதிரியான சிறப்புப் பாயிரத்தை யார் எழுதலாம் என்பதற்கும் பட்டியல் உண்டு: ஆசிரியர், கூடப் படித்தவர், மாணாக்கர், தகுதியுள்ள உரைகாரர். புத்தகத்தைப் படித்தே இராத பிரமுகர் அதில் இல்லை.

அச்சுக்கோப்பு

பாயிரம் ஐயா, அந்தக் கடைசி வரியை வெட்டி அணிந்துரை கேட்டு அலையும் எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறேன். மூன்று பக்கமும் மிச்சம்.

ஃபேரர் பார்க் 7

கிண்டிலில் போட்டவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று. ஒரு நாவல், தலைப்பில் 'கௌரி' என்ற பெயர். வாசகர் ஒருவர் கைப்பேசியில் தேடுகிறார், வரவில்லை. மறுபடி தேடுகிறார், வரவில்லை. எழுத்தாளர் பக்கத்திலேயே நின்று "இருக்கு சார், நேத்துதான் ஏத்தினேன்" என்கிறார்.

தட்டச்சில் கௌ என்று ஒரே குறியாக அடிக்காமல், கொம்பு போட்டுப் பக்கத்தில் ள போட்டிருக்கிறார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், கணினிக்கு வேறு வேறு. ஔவையை ஒ, ள என்று அடிப்பதும் இதே கதை. பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றிய கோப்பு என்றால் இது இருக்க வாய்ப்பு உண்டு. தலைப்பு, எழுத்தாளர் பெயர், குறிப்புச் சொற்கள் மூன்றையும் நீங்களே புதிதாக அடித்து ஏற்றுங்கள்.

அமேசானின் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர்த்தால் 90 நாள் மின்வடிவம் வேறு எங்கும் இருக்கக் கூடாது. வலைப்பூவில் பத்து விழுக்காடு வரை மாதிரிக்குப் போடலாம். அந்த 90 நாளில் ஐந்து நாள் இலவசமாகக் கொடுக்கலாம். ஐந்தையும் வெளியீட்டு வாரத்தில் கரைத்துவிடாதீர்கள். மனைவி, மச்சான், பக்கத்து வீட்டு நண்பர் எழுதும் விமர்சனத்தை அமேசான் அனுமதிப்பதில்லை, கண்டுபிடித்தால் தூக்கிவிடும். அமெரிக்காவோடு சிங்கப்பூருக்கு வருமான வரி ஒப்பந்தம் இல்லை. ஆகவே அமெரிக்கக் கடையில் விற்றதன் உரிமத்தொகையில் 30 விழுக்காடு அங்கேயே பிடித்துக்கொள்வார்கள். கணக்குப் போடும்போது அதைக் கழித்துப் போடுங்கள்.

இன்னொன்று. தங்கமுனை விருது மாதிரிப் போட்டிகளுக்கு அனுப்ப நினைக்கும் கதையை விளம்பரத்துக்காக ஃபேஸ்புக்கில் முழுசாகப் போடாதீர்கள். இணையத்தில் வந்தாலும் பிரசுரம்தான் என்று பல போட்டி விதிகள் சொல்கின்றன.

ஈசூன் வாசகி

வாசலில் மேசை போட்டால் அரங்க நிர்வாகம் வழியை அடைக்கக் கூடாது என்று சொல்லுமே, பூனையாரே? தீயணைப்பு விதி இருக்கிறதல்லவா?

தேக்கா பூனை

வாசலுக்கு உள்பக்கம், பதிவு மேசைக்கு ஒட்டி. அரங்கம் பதிவு செய்யும்போதே வரைபடம் கேட்டு வாங்கி, மேசை இருக்கும் இடத்தை அதில் குறித்து அனுப்பி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். விற்பனைக்கு அனுமதி உண்டா என்பதையும் அதே மின்னஞ்சலில் கேளுங்கள், சில இடத்தில் தனியாகக் கேட்கவேண்டும். சில்லறையை வெள்ளிக்கிழமைக்குள் வங்கியில் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமை அலையவேண்டி வரும்.