பண்ணைக் கடற்கரைப் பக்கம் தங்க இடம் சொல்லுங்கோ

வணக்கம். அடுத்த மாதம் அம்மம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் வருகிறோம், மூன்று இரவு. பிள்ளைகளுக்குப் பின்னேரம் பண்ணைக் கடற்கரைப் பூங்கா. அம்மம்மாவுக்கு விடியவே நல்லூர். ஒரு நாள் குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்கும் போகவேண்டும். அந்தப் பாதை பண்ணைப் பாலத்தால் போவதால் கோட்டை, நூலகப் பக்கம் தங்குவதுதான் வசதி என்று நினைக்கிறேன். நல்லூரடியில் தங்கினால் கடற்கரைக்கு ஒவ்வொரு நாளும் ஆட்டோ பிடிக்கவேண்டும்.

போனமுறை கிடைத்தது மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. அம்மம்மா படிக்கொரு முருகா சொல்லித்தான் ஏறினா. அதனால் கீழ்த்தள அறையும் கொமேட் உள்ள குளியலறையும் கட்டாயம். ஏசி இல்லாவிட்டாலும் பரவாயில்லை, நுளம்பு வலை வேண்டும். அண்மையில் தங்கியவர்கள் இருந்தால் வாடகையோடு சொல்லுங்கோ.