உரிமத்தோடு விற்கும் ரெடிமேட் கட்டுரைகளை வாங்கிப் போட்டால் கடை கூகுளில் மேலே வருமா?

அல்சூர் தண்ணீர்க்கடை

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூரு அல்சூரில் ஆர்ஓ, சாஃப்ட்னர் (கடின நீரை மென்னீராக்கும் கருவி) விற்பனையும் சர்வீஸும் செய்கிறோம். அப்பா காலத்தில் பம்ப் ரிப்பேர் கடையாக இருந்தது. வெப்சைட் ஒன்று உண்டு. போன் நம்பர், சில மாடல்களின் படம், கடைக்கு வழி, அவ்வளவுதான் அதில். 'ஆர்ஓ சர்வீஸ்' என்று தேடினால் பெரிய ஆப் கம்பெனிகள்தான் வரிசையாக வருகின்றன. நாங்கள் எங்கேயோ கிடக்கிறோம்.

இப்போது ஒருவர் வந்திருக்கிறார். தண்ணீர் சுத்திகரிப்பு பற்றி ஆங்கிலத்தில் 200 கட்டுரைகள், மொத்தமாக 3,500 ரூபாய். 'பிஎல்ஆர்' (பிரைவேட் லேபல் ரைட்ஸ்) என்கிறார். உரிமத்தோடு வருகிறதாம், நம் பெயரையே போட்டுக்கொள்ளலாம், வேண்டியபடி மாற்றலாம், காப்பிரைட் தொல்லை கிடையாது என்கிறார். தினம் ஒன்று போட்டுவந்தால் கூகுள் தானாக ஆளை அனுப்பும் என்பது அவர் கணக்கு. மாதிரிக்கு மூன்று அனுப்பினார். படிக்க நன்றாகத்தான் இருக்கின்றன. சுத்தமான நீரின் பத்து நன்மைகள், கடின நீரைக் கண்டுபிடிப்பது எப்படி, கிணற்றுநீர்ப் பரிசோதனை.

மச்சான் வேண்டாம் என்கிறான். ஏன் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியவில்லை. உரிமம் இருந்தும் கூகுள் தண்டிக்குமா? தமிழிலோ கன்னடத்திலோ மொழிபெயர்த்துப் போட்டால் புதுக் கட்டுரை என்று எடுத்துக்கொள்ளுமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

வைட்ஃபீல்ட் வலைஞன்

முதலில் ஒரு வேலை செய்யுங்கள் சார். மாதிரிக் கட்டுரையின் நடுவிலிருந்து ஒரு நீளமான வாக்கியத்தை எடுத்து, இரட்டை மேற்கோள் குறிக்குள் போட்டு கூகுளில் தேடுங்கள். அதே வாக்கியம் எத்தனை தளங்களில் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

ஜெயநகர் நாலாவது பிளாக்

சார், இந்த மாதிரிக் கட்டுரைகளை எழுதிச் சம்பாதித்தவள் நான். 2009, 2010 வாக்கில் ஜெயநகரில் ஒரு மாடியில் எங்கள் ஆபீஸ். வார்த்தைக் கணக்கில் கூலி. காலையில் நாய் வளர்ப்பு, மத்தியானம் அமெரிக்க வீட்டுக் கடன், சாயங்காலம் தோல் அரிப்பு. நாய் என்றால் எனக்குப் பயம், அது வேறு கதை. 400 வார்த்தை வர வேண்டும், கொடுத்த தேடுசொல் அதற்குள் நாலைந்து தடவை விழ வேண்டும். வேறு விதி கிடையாது. எழுதினது யாருக்குப் போகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒருநாள் சும்மா தேடிப் பார்த்தபோது, நான் எழுதிய தோல் அரிப்புக் கட்டுரை முன்பின் தெரியாத பலர் பெயரில், பலர் போட்டோவோடு இருந்தது. எல்லாரும் காசு கொடுத்து வாங்கியவர்கள். எல்லாரிடமும் உரிமம் உண்டு.

அந்தக் காலத்தில் அது ஓடியது, இல்லை என்று சொல்ல மாட்டேன். 2011 பிப்ரவரி 24 அன்று கூகுள் தன் வரிசைப்படுத்தும் முறையை மாற்றியதாக அறிவித்தது. பின்னால் அதற்குப் 'பாண்டா' என்று பெயர் வந்தது. அமெரிக்கத் தேடல்களில் 11.8 சதவீதத்தை அது பாதித்ததாகக் கூகுளே சொன்னது. கட்டுரைகளை மூட்டை மூட்டையாகக் கொட்டிவைத்திருந்த தளங்கள் சரிந்தன. கொஞ்ச நாளில் எங்கள் ஆபீஸில் நாற்காலிகள் காலியாக ஆரம்பித்தன.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். ஒரே கட்டுரை பல தளங்களில் இருந்தால் அதற்காகவே கூகுள் தண்டிப்பதில்லை. 2008இலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அது செய்வது இதுதான்: ஒன்றுபோல் இருக்கும் பக்கங்களை ஒரு கும்பலாகச் சேர்த்து, அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துக் காட்டும். மற்றவை கண்ணில் படாது. அந்த ஒன்று நேற்று போட்ட உங்கள் தளமாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? தள உரிமையாளருக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோல் என்ற கருவியில் 'கிரால்ட், கரன்ட்லி நாட் இண்டெக்ஸ்ட்' என்று ஒரு வரிசை நீண்டுகொண்டே போகும். கூகுள் வந்து பார்த்தது, எடுத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம்.

ஆனால் 200 கட்டுரையைக் கொட்டுவது வேறு விஷயம். 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பாம் (குப்பைப் பக்கங்கள்) கொள்கையைத் திருத்தியது. தேடல் வரிசையில் ஏறுவதற்கென்றே, படிக்கிறவருக்குப் பயனில்லாமல், மொத்தமாகப் பக்கங்களை நிரப்புவது குற்றம். எழுதினது மனிதனா மெஷினா என்பது பொருட்டில்லை. வேறு இடத்துச் சரக்கை எடுத்து, சொல்லை மாற்றியோ மொழிபெயர்த்தோ பக்கங்களைப் பெருக்குவதும் அதற்குள் வருகிறது. ஆகவே கன்னடம், தமிழ் யோசனையை விட்டுவிடுங்கள். அதைவிட, ஆபீஸ் நாட்களில் எனக்கே உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. அந்த இரண்டாவது மாதிரிக் கட்டுரையை இங்கே கொஞ்சம் போடுங்களேன்.

அல்சூர் தண்ணீர்க்கடை

மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினேன். பக்கம் பக்கமாக வருகிறது. ஒன்றில் கனடா பிளம்பர் ஒருவர் சிரித்துக்கொண்டு நிற்கிறார்.

மேடம் கேட்ட பகுதியின் சாரம் இது: 'உங்கள் தண்ணீரின் கடினம் ஒரு கேலனுக்கு ஏழு கிரெயினுக்கு மேல் இருந்தால் சாஃப்ட்னர் அவசியம். சந்தேகம் இருந்தால் உங்கள் கவுன்டி சுகாதாரத் துறையை அழையுங்கள். பேஸ்மென்டில் மெயின் லைன் நுழையும் இடத்தில் கருவியைப் பொருத்துங்கள்.'

ஜெயநகர் நாலாவது பிளாக்

பார்த்தீர்களா? எச்பிஆர் லேஅவுட்டில் கீஸர் காயிலில் வெள்ளைப் படிந்து மூன்றாவது தடவையாகக் காயில் மாற்றிய அம்மாவுக்கு இதில் எந்த வரி உதவும்? கவுன்டி என்றால் அமெரிக்க மாவட்டம், அதற்கு எங்கே போவார்? ஒரு கேலனுக்கு ஒரு கிரெயின் என்றால் லிட்டருக்குச் சுமார் 17 மில்லிகிராம். ஏழு கிரெயின் என்பது 120. நம்மூர் போர்வெல்லில் அதைப் போலப் பல மடங்கு பார்த்திருப்பீர்கள். பேஸ்மென்டுக்குப் பதில் நமக்கு இருப்பது சம்ப்பும் ஓவர்ஹெட் டேங்கும்.

அந்த அம்மா 'சுத்தமான நீரின் நன்மைகள்' என்று தேடுவதே இல்லை. 'போர்வெல் தண்ணீர், குழாயில் வெள்ளைக் கறை' என்று தேடுவார். இல்லாவிட்டால் 'காவிரி கனெக்‌ஷன் வந்துவிட்டது, சாஃப்ட்னர் இன்னும் வேண்டுமா' என்று தேடுவார். 2024 அக்டோபரில் காவிரி ஐந்தாம் கட்டம் திறந்து, நகர எல்லையில் சேர்ந்த 110 கிராமங்களுக்கு நீர் கொடுக்க ஆரம்பித்ததிலிருந்து, சாஃப்ட்னருக்கு மாதாமாதம் உப்பு மூட்டை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்த அபார்ட்மென்ட்களில் இந்தக் கேள்வி ஓடுகிறது. அதற்கான பதில் எந்தக் கட்டுரைப் பேக்கிலும் வராது. உங்கள் கடையில் இருக்கிறது. சம்ப்பில் காவிரியும் டேங்கர் நீரும் கலந்தால் டிடிஎஸ் (நீரில் கரைந்த உப்புகளின் அளவு) மீட்டர் எப்படி ஏறும், கோடையில் எந்த ஏரியாவில் ஆர்ஓ மெம்பரேன் சீக்கிரம் அடைக்கிறது, இதெல்லாம் உங்களுக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.

இன்னொன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். ஐஎஸ் 10500 என்ற இந்தியக் குடிநீர்த் தரப்படி டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை. 500க்குக் கீழே இருக்கும் இடங்களில் ஆர்ஓவைத் தடைசெய்யச் சொல்லி 2019இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. நல்ல காவிரி நீர் மட்டும் வருகிற வீட்டுக்கு ஆர்ஓ வேண்டாம், புற ஊதா ஒளியில் கிருமியைக் கொல்லும் யூவி போதும் என்று ஆர்ஓ விற்கிற நீங்களே எழுதிப் பாருங்கள். அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழுவில் அந்த லிங்க்தான் சுற்றும். நாலு ஆர்ஓ விற்காமல் போகலாம், போகட்டும். சர்வீஸுக்குக் கூப்பிடுவார்கள்.

சிவாஜிநகர் வக்கீல்

சட்டப் பக்கம் மட்டும் சொல்கிறேன். 'உரிமம் உண்டு' என்று வாயால் சொன்னால் போதாது. 1957 பதிப்புரிமை (காப்பிரைட்) சட்டம் 30ஆம் பிரிவுப்படி உரிமம் எழுத்தில் இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் என்றும் கொள்ளப்படும். மாற்றலாமா, மொழிபெயர்க்கலாமா, மறுபடி விற்கலாமா என்று தனித்தனியாகப் பாருங்கள். மொழிபெயர்க்கும் உரிமை தனி உரிமை.

முக்கியமானது, விற்கிறவருக்கே அந்தக் கட்டுரைகள் சொந்தமா? எங்கிருந்தோ சுட்டு பேக்கில் போட்டிருந்தால், உண்மையான உரிமையாளர் கூகுளுக்குப் புகார் கொடுத்ததும் உங்கள் பக்கம் தேடலிலிருந்து நீக்கப்படும். 3,500 ரூபாய் ஆசாமியை அப்போது எங்கே பிடிப்பீர்கள்?

பழைய டெஸ்க்

ஒரு சந்தேகம். பிடிஐ என்ற செய்தி ஏஜென்சியின் செய்தியைக் காசு கொடுத்து வாங்கி எல்லாப் பத்திரிகைகளும் ஒரே மாதிரிப் போடுகின்றனவே, அவற்றுக்கு மட்டும் எப்படி ஆள் வருகிறது?

ஜெயநகர் நாலாவது பிளாக்

பத்திரிகைக்கு வாசகர் பத்திரிகையின் பெயருக்காக வருகிறார் சார். நேராக முகப்பைத் திறக்கிறவர்கள் உண்டு. ஏஜென்சி செய்தி அங்கே பக்கத்தை நிரப்புகிற பருப்பு மாதிரி, குழம்பு அவர்களுடைய சொந்த நிருபர் எழுதுவது. போதாததற்கு, இன்னொருவர் கட்டுரையை வாங்கி மறுபிரசுரம் செய்கிற தளங்கள் அதைத் தேடலில் வராமல் தடுத்துவைப்பதே நல்லது என்றுதான் கூகுள் இப்போது சொல்கிறது. மூலப் பக்கம் எது என்று காட்டும் பழைய 'கெனானிகல்' குறி மட்டும் போதாதாம்.

அல்சூர் தண்ணீர்க்கடை

எல்லாருக்கும் நன்றி. அவரிடம் எழுத்தில் உரிமம் கேட்டேன், 'பிடிஎஃப் உள்ளேயே இருக்கு சார்' என்கிறார், அனுப்பவில்லை. சாஃப்ட்வேரில் போட்டு ஒவ்வொரு கட்டுரையையும் ஐம்பது விதமாகத் திருப்பித் தருகிறேன் என்று புதிதாக ஒன்று சொல்கிறார்.

மேடம், எனக்கு எழுத வராது. சர்வீஸ் பையன்கள் போகிற இடத்தில் எல்லாம் மீட்டர் ரீடிங் எடுத்து நோட்டில் எழுதுகிறார்கள், அது மட்டும்தான் இருக்கிறது. அதை எப்படிப் போடுவது?

ஜெயநகர் நாலாவது பிளாக்

ஐம்பது விதமாகத் திருப்பினாலும் கவுன்டி கவுன்டிதான் சார், விடுங்கள்.

அந்த நோட்டுதான் எனக்கு வேண்டும்! ஏரியாவுக்கு ஒரு பக்கம் வையுங்கள். ஆனால் சும்மா ஏரியா பெயரை மட்டும் மாற்றி இருபது பக்கம் போடாதீர்கள், அதுவும் ஸ்பாம் கணக்கில்தான் சேரும். நோட்டில் நிறைய ரீடிங் இருக்கிற இரண்டு மூன்று ஏரியாவோடு ஆரம்பியுங்கள். எந்த மாதம், காவிரியா போர்வெல்லா டேங்கரா, சாஃப்ட்னருக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு. டிடிஎஸ் மீட்டர் கடினத்தைக் காட்டாது, சாஃப்ட்னர் போட்டாலும் டிடிஎஸ் பெரிதாக இறங்காது. கஸ்டமர் ஏமாற்றிவிட்டான் என்று சண்டைக்கு வருவது அங்கேதானே? அதற்கு ஒரு தனிப் பக்கமே எழுதலாம். கடினத்துக்குச் சொட்டு டெஸ்ட் கிட் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், நிறம் மாறுவதைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். வீட்டு எண், அபார்ட்மென்ட் பெயர் எதுவும் வேண்டாம், ஏரியா போதும்.

எழுத வராவிட்டால் கஸ்டமருக்கு போனில் சொல்வதை அப்படியே ரெக்கார்ட் செய்து யாரையாவது தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். கன்னடத்துக்கு உங்கள் சர்வீஸ் பையன் பேசுகிறபடியே எழுதி வாங்குங்கள். இதற்கு நடுவில் கூகுள் மேப்பில் கடை நேரமும் போன் நம்பரும் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். 'பக்கத்தில் ஆர்ஓ சர்வீஸ்' என்று தேடுகிறவர் வெப்சைட்டுக்கு முன்னால் மேப்பைத்தான் பார்ப்பார். அங்கே தூரம், கடை எவ்வளவு பிரபலம், தேடியதற்குப் பொருத்தம் இதெல்லாம்தான் கணக்கு, கட்டுரை எண்ணிக்கை இல்லை.

அட்வான்ஸ் எதுவும் கொடுத்துவிடவில்லையே?