நெக்கில் 78 என்றால் பேஸும் 78-ஆ?

நாலுகம்பி:
நேற்று விற்பனைப் பகுதியில் பெரம்பூர்_பேஸ் எழுதியதைப் படிக்காதவர்களுக்காக அப்படியே தருகிறேன் (பேஸ் என்றால் பேஸ் கிட்டார், நெக் என்றால் அதில் கம்பிகள் ஓடும் நீண்ட மரக் கழுத்து): "நெக்கின் அடியில் எந்த ஆண்டு இருக்கிறதோ அதுதான் பேஸின் ஆண்டு. அதற்கு மேல் துருவுகிறவனுக்கு வாங்க மனமில்லை என்று பொருள்." ஃபெண்டர் நிறுவனத்தின் பிரிசிஷன் என்ற பேஸ் ஒன்றுக்கு இரண்டே முக்கால் லட்சம் விலை சொல்லிவிட்டு, கேள்வி கேட்டவனுக்குக் கொடுத்த பதில் இது. கேட்டவன் நான்தான்.

நேரில் போய்ப் பார்த்தேன். நெக்கின் தலையில் எஸ்8 (எழுபதுகளின் 8, அதாவது 78) என்று தொடங்கும் வரிசை எண். நெக்கைக் கழற்றினால் அடியில் 78. சரி. உடலின் மேல் மூடியிருக்கும் தகடான பிக்கார்டைத் தூக்கினேன். வால்யூம் பாட்டின் (சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்கு அடியில் இருக்கும் மின்பாகம்) முதுகில் 1378123 என்று குத்தியிருக்கிறது. 137 என்றால் பாட்டைச் செய்த சிடிஎஸ் நிறுவனம். 81 என்றால் 1981. 23 என்றால் அந்த ஆண்டின் 23ஆவது வாரம். 1978இல் பிறந்த பேஸின் வயிற்றுக்குள் 1981இல் பிறந்த பாட் எப்படி வந்தது? இதைத்தான் கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை.

பெரம்பூர்_பேஸ்:
மாற்றியிருப்பார்கள். பாட் என்பது வீட்டில் எரியும் பல்பு மாதிரி. போனால் வேறு போடுவார்கள். பல்பை வைத்து வீட்டின் வயதைச் சொல்வீர்களா? நெக்கில் 78. முடிந்தது.

மெல்லிசை மேடைகளில் 31 ஆண்டுகள் வாசித்துவிட்டு இப்போது விற்கிறேன். இணையத்தில் எண்களை மனப்பாடம் செய்தவர்களிடம் பாடம் கேட்கும் வயதில் நான் இல்லை.

தட்டைக்கம்பி:
பெரியவர் கோபப்படக்கூடாது. நெக் நான்கு திருகுகளில் நிற்கிறது. 1951இல் லியோ ஃபெண்டர் முதல் பிரிசிஷனைச் செய்தபோதே கழற்றி மாற்ற வசதியாகத்தான் அப்படி வைத்தார். பாட் மாறியிருக்கலாம் என்றால் நெக்கும் மாறியிருக்கலாம் அல்லவா?

பெரம்பூர்_பேஸ்:
நெக்கை யார் மாற்றுவார்கள்? நெக்கில் 78.

நாலுகம்பி:
யார் மாற்றுவார்களா? விலையை ஏற்ற நினைக்கிறவன் மாற்றுவான். இன்னொன்றையும் சொல்கிறேன். 1976 வரை ஃபெண்டரின் எண் உடலின் பின்பக்கத்து இரும்புத் தகட்டில் இருந்தது. அதன் பிறகு நெக்கின் தலைக்கு மாற்றினார்கள். அதாவது எஸ்8 எண்ணும் 78 முத்திரையும் ஒரே மரத்தில் இருக்கின்றன. நெக் மாறினால் இரண்டும் சேர்ந்தே மாறும். ஒரே சாட்சி இரண்டு முறை கூண்டில் ஏறினால் இரண்டு சாட்சி ஆகிவிடுமா?

ஃபெண்டர் நிறுவனமே சொல்லியிருக்கிறது, நெக்கில் உள்ள தேதி அந்த நெக்கைச் செய்த தேதி மட்டும்தான் என்று.

பாட்டில் 81. அதற்குப் பதில் இன்னும் வரவில்லை.

கோவைப்_புதியவன்:
வணக்கம் அண்ணா. நான் புதிது. கையில் 25,000 ரூபாய் இருக்கிறது. பழைய பேஸும் ஆம்பும் (ஒலிபெருக்கி) சேர்த்து வாங்க முடியுமா? இப்போது தம்பியின் கிட்டார் ஆம்பில் வாசிக்கலாமா?

(பி.கு. பாட்டிலில் 81 என்றால் என்ன?)

வால்வுப்பித்தன்:
பாட்டில் அல்ல தம்பி, பாட். "இல்" சேர்த்ததும் ஆளை மாற்றிவிட்டது.

பெரம்பூர்_பேஸ்:
நாலுகம்பி வசதியாக ஒன்றை மறைக்கிறார். 1966இல் ஃபெண்டர் ஏராளமான பாட்களை மொத்தமாக வாங்கி வைத்துக்கொண்டது. அடுத்த சில ஆண்டுகளில் செய்த கிட்டார்களிலும் அந்த 1966 பாட்கள்தான் இருக்கும். ஆகவே பாட் எண் ஆதாரமே இல்லை. இது தெரியாமல் பிக்கார்டைத் தூக்கக் கூடாது. தூக்கும்போது ஒரு திருகையும் வழுக்கிவிட்டுப் போயிருக்கிறார். அதையும் எழுதுங்கள்.

நாலுகம்பி:
கேட்டுக்கொள்ளுங்கள். பழைய பாட் புதிய பேஸில் இருக்கலாம். கிடங்கில் கிடந்திருக்கும். ஆனால் இங்கே தலைகீழ். பேஸ் 78, பாட் 81. மூன்று ஆண்டு கழித்துப் பிறக்கப்போகும் பாட்டை யார் போய் வாங்கி வந்தார்கள்? 1966 கதை எனக்குத்தான் சாட்சி சொல்கிறது, உங்களுக்கு அல்ல.

பிறகு பற்றவைப்பு. பாட்டில் கம்பிகளை ஒட்டிய ஈயத்தை ஒரு நிமிடம் கைவிளக்கு அடித்துப் பார்த்தேன். மங்கிய சாம்பல் நிறம். மேலே தூசி படிந்து, தூசியோடு இறுகிப்போயிருந்தது. யாரும் சூட்டுக்கோல் வைத்துக் கிளறிய அடையாளம் இல்லை. அதாவது பாட்டை யாரும் மாற்றவில்லை. நெக்கின் திருகுத் துளைகளைப் பாருங்கள்: நான்கில் இரண்டு துளைகளில் பல்குச்சியும் பசையும் திணித்து, அதன் மேல் புதிதாகத் துளை போட்டிருக்கிறார்கள். பிறந்ததிலிருந்து ஒரே உடலோடு இருக்கும் நெக்குக்குப் பல்குச்சி எதற்கு?

வழுக்கிய திருகு ஏற்கெனவே வழுக்கியிருந்தது.

பெரம்பூர்_பேஸ்:
சென்னை ஈரத்தில் துளை தளர்ந்தால் பல்குச்சி போடாமல் பனைமரமா போடுவார்கள்? நெக்கில் 78.

கனத்தபெட்டி:
ஒரு வாரமாக வாய் திறக்காமல் இருந்தேன். இனி முடியாது. இதே நாலுகம்பியிடம் மூன்று ஆண்டுக்கு முன் ஜப்பானிலிருந்து வந்த பழைய பேஸ் ஆம்ப் ஒன்றை வாங்கினேன். ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட். நம் ஊரில் 230. வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் மின்மாற்றி வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து செருகினேன். விளக்கு பளிச்சென்று ஒருமுறை எரிந்தது. அவ்வளவுதான். கருகிய வார்னிஷ் வாடை மூன்று நாள் அறையை விட்டுப் போகவில்லை. மின்மாற்றியைச் சுற்றித் தர 4,200 ரூபாய்.

நாலுகம்பி:
பின்னால் 100 வோல்ட் என்று தாள் ஒட்டியிருந்தது. படித்திருக்க வேண்டும்.

கனத்தபெட்டி:
அன்று பின்னால் ஒட்டிய தாளை நம்பவேண்டும். இன்று நெக்கின் அடியில் குத்திய முத்திரையை நம்பக் கூடாது. நல்ல நியாயம்.

பெரம்பூர்_பேஸ்:
இதை ஒருமுறை எல்லோரும் சத்தமாகப் படியுங்கள்.

நாலுகம்பி:
இரண்டும் ஒன்றா? தாள் வோல்ட்டைச் சொன்னது, வோல்ட் உண்மையாகவே 100தான். முத்திரை நெக்கைச் சொல்கிறது, நெக்கும் உண்மையாகவே 78தான். நெக்கின் வயதை உடலின் தலையில் கட்டுவதுதான் பிரச்சினை. பேஸைப் பற்றிப் பேசும் இடத்தில் ஆம்பை இழுத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு என்ன சொல்வது? அப்போது விலையில் 1,500 குறைத்தேன். அதையும் சொல்லுங்கள்.

தட்டைக்கம்பி:
எனக்கு ஒன்று புரியவில்லை. பேஸ் "ஒரிஜினல்"தானா என்பதுதான் உங்கள் இருவரின் சண்டையும். எல்லாப் பாகமும் ஒரே ஆண்டில் செய்ததா, ஒன்றாகத் தொழிற்சாலையை விட்டு வந்ததா, எதைச் சொல்கிறீர்கள்?

பெரம்பூர்_பேஸ்:
ஒரிஜினல் என்றால் ஒரிஜினல்.

நாலுகம்பி:
முதன்முறையாக ஒத்துப்போகிறேன். ஆனால் இது ஒரிஜினல் இல்லை.

வால்வுப்பித்தன்:
ஆம்ப் பேச்சு வந்துவிட்டதால் சொல்கிறேன். பழைய பேஸுக்குக் கண்ணாடி வால்வுகளில் ஓடும் வால்வு ஆம்ப்தான் பொருத்தம். ஆம்பெக் எஸ்விடி, 1969, 300 வாட்ஸ். அதற்குப் பின் வந்ததெல்லாம் சப்தமிடும் கால்குலேட்டர்.

கனத்தபெட்டி:
வால்வுகள் இருக்கும் தலைப்பெட்டியே 35 கிலோவுக்கு மேல். பத்து அங்குல ஸ்பீக்கர் எட்டு வைத்த பெட்டி 60 கிலோவைத் தாண்டும். மேற்கு மாம்பலத்தில் லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடிக்கு அதைத் தூக்கியவன் நான். பித்தன் கீழே நின்று "மெதுவாக, வால்வு உடையும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். என் இடுப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வால்வுப்பித்தன்:
வால்வு உடையவில்லை அல்லவா?

கோவைப்_புதியவன்:
அண்ணா, கிட்டார் ஆம்ப்?

தட்டைக்கம்பி:
சத்தத்தைக் குறைத்து வைத்துப் பழகு தம்பி. ஏற்றினால் ஸ்பீக்கரின் காகிதம் கிழியும். பேஸின் கீழ்க்கம்பி 41 ஹெர்ட்ஸ். அந்த ஸ்பீக்கர் அதற்குச் செய்ததல்ல. வாங்கப் போகும்போது நெக்கை நீளவாக்கில் ஒரு கண்ணை மூடிப் பார். வளைவு இருந்தால், அதைச் சரிசெய்ய நெக்கின் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியான ட்ரஸ் ராட் இன்னும் திரும்புகிறதா என்று பார். ஆண்டு எதுவாகவும் இருக்கட்டும்.

நாலுகம்பி:
எதுவாகவும் இருக்கட்டுமா? இரண்டே முக்கால் லட்சத்தில் ஆண்டுக்கு மட்டும் ஒரு லட்சம் கேட்கிறார்.

பெரம்பூர்_பேஸ்:
பேஸ் மேதை ஜேம்ஸ் ஜேமர்சன் தன் 1962 பிரிசிஷனின் பாட் எண்ணைப் பார்த்துவிட்டா வாசித்தார்? கம்பியைக்கூட மாற்றாதவர் அவர்.

நாலுகம்பி:
அந்தப் பேஸ் 1983இல் அவர் இறப்பதற்குச் சற்று முன் திருடுபோய்விட்டது. இன்று வரை யாரும் அதன் பிக்கார்டைத் தூக்கிப் பார்க்க முடியாது. உங்களுக்கு அப்படிப்பட்ட பேஸ்தான் பிடிக்கும் போலிருக்கிறது.

வால்வுப்பித்தன்:
இன்னொரு மேதை ஜாக்கோ பாஸ்டோரியஸ் தன் 1962 ஃபெண்டர் ஜாஸ் பேஸில் ஃப்ரெட்டையே (நெக்கின் குறுக்கே பதித்த உலோகக் கட்டைகள்) பிடுங்கிவிட்டுப் படகுக்குப் பூசும் எபாக்சிப் பசையைப் பூசினார். அது ஒரிஜினலா?

பெரம்பூர்_பேஸ்:
ஜாக்கோ என்றால் எதுவும் ஒரிஜினல்.

நாலுகம்பி:
தப்பிக்கும் வழி இது. நான்காவது முறையாகக் கேட்கிறேன். பாட்டில் 81. ஈயம் கிளறப்படவில்லை. 81இல் அல்லது அதற்குப் பிறகு பூட்டிய உடலில் 78 நெக்கைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். எப்படி இல்லை என்று ஒரே ஒரு வரியில் சொல்லுங்கள். 31 ஆண்டு, மேடை, மெல்லிசை எதுவும் வேண்டாம்.

கனத்தபெட்டி:
ஸ்டெப் டவுன் பற்றி ஒரே ஒரு வரியில் நீங்களும் சொல்லியிருக்கலாம்.

பெரம்பூர்_பேஸ்:
விலையை மூன்று லட்சமாக ஏற்றிவிட்டேன். இவ்வளவு பேர் பேசும் பேஸ் என்றால் மதிப்பு இருக்கிறது.

நாலுகம்பி:
81 விலைக்குத் தந்தால் ஞாயிற்றுக்கிழமை காலை பணத்தோடு வருகிறேன். ஒன்று எழுபத்தைந்து.

தட்டைக்கம்பி:
ஆக, இதற்குத்தானா?

நாலுகம்பி:
எதற்கு? உண்மை உண்மைதான். விலை விலைதான்.

கோவைப்_புதியவன்:
அண்ணா, 25,000-க்கு?

பெரம்பூர்_பேஸ்:
நெக்கில் 78.