முயலுக்கு காயடிச்சு ஒரு நாள் ஆச்சு, பை வீங்கிருக்கு, மஞ்சள் தேய்க்கலாமா?

தக்கலை பக்கம் நாங்க. ஆண் முயல், 8 மாசம், வீடு பூரா மூத்திரம் அடிச்சு நாசம் பண்ணிட்டு கெடந்தான், அதான் நேத்து காலைல நாகர்கோவில் கொண்டுபோய் ஆபரேஷன் பண்ணியாச்சு. இப்போ விதைப்பை ரெண்டு பக்கமும் வீங்கி செவந்துருக்கு. அம்மா தேங்காண்ணெய்ல மஞ்சள் கொழச்சு வச்சிட்டு நிக்கா, தேய்க்கலாமா? மூலைல கூனிப்போய் இருக்கான், பல்லை நறநறங்கான். மொத நாள் ராத்திரியே தீனி குடுக்காதீங்கன்னு போன்ல சொன்னாங்க, குடுக்கல. வந்த பொறவு ஒரு கடி மட்டிப்பழம், அவ்ளோதான். வராந்தால கூண்டு, அடியில மரத்தூள். வெளிய சாரல் வேற.

குழித்துறை அக்கா: தம்பி நீங்க வீக்கத்த பாத்து பயப்படுதீங்க, நான் அந்த ஒரு கடி பழத்த பாத்து பயப்படுதேன். வீக்கம் ரெண்டு மூணு நாள் இருக்கத்தான் செய்யும், ரத்தமோ சீழோ நாத்தமோ வந்தாலோ தையல் விட்டாலோதான் பிரச்சினை. ஆனா முயல் 12 மணி நேரம் திங்காம கெடந்தாலே கொடல் நின்னு போகும், அதுலதான் சாவுது. முயலுக்கு வாந்தி வராது, அதனால நாய் பூனைக்கு மாதிரி பட்டினி போடவே வேண்டாம், யாரு சொன்னாங்களோ. புழுக்கை எத்தன போட்டுருக்கு?

தக்கலை: நாலே நாலு அக்கா. நல்லமிளகு மாதிரி குட்டி குட்டியா.

குழித்துறை அக்கா: சாதாரணமா கொண்டக்கடலை அளவு இருக்கணும்லா. இப்பவே டாக்டருக்கு போன் போடுங்க. பல்ல நறநறங்குறது வலி. வலிக்கு மெலாக்சிகம் குடுத்தாங்களான்னு கேளுங்க, வலி நின்னாதான் அது திங்கும். மஞ்சளும் வேண்டாம் எண்ணெயும் வேண்டாம், நக்கி நக்கி தையலையே பிச்சிரும்.

மார்த்தாண்டம் பையன்: எங்க வீட்டுல பாப்பாக்கு வாங்குன அமாக்சிசிலின் சிரப் மிச்சம் கெடக்கு, அதுல ரெண்டு சொட்டு விட்டா புண்ணு ஆறாதா?

குழித்துறை அக்கா: ஐயோ வேண்டாம் மக்கா! வாய் வழியா அத குடுத்தா கொடல்ல இருக்க நல்ல கிருமி செத்து முயலே போயிரும். வீட்டு மருந்துப் பெட்டிய மூடி வைங்க.

கொளச்சல்: மரத்தூள மொதல்ல அள்ளி வெளிய போடுங்க, புண்ணுல ஒட்டும். பழைய காட்டன் வேட்டி இருந்தா விரிச்சு தெனமும் மாத்துங்க. இந்த ஈரத்துல ஈ வந்து முட்ட போடும், அதனால கூண்ட வீட்டுக்குள்ள எடுங்க. ஒரு பத்து நாளைக்கு குதிக்க விடாதீங்க, குளிப்பாட்டாதீங்க. கழுத்துல கூம்பு மாட்டணும்னு சிலர் சொல்லுவாங்க, எனக்கு அது பிடிக்காது, முயல் தான் போடுற மெத்து புழுக்கைய சத்துக்காக திரும்ப திங்கும்லா, கூம்பு மாட்டுனா அத எப்படி திங்கும்? தையல கடிச்சு பிச்சா மட்டும் மாட்டலாம்.

தக்கலை: போயிட்டு வந்தாச்சு. வயிறு கல்லு மாதிரி உப்பல, அதனால ஊட்டலாம்னு சொன்னாங்க. வலிக்கு ஊசி போட்டாங்க. தீனி உருண்டைய வெதுவெதுப்பா தண்ணில ஊறவச்சு கூழாக்கி, சிரிஞ்ச்ல கடவாய் பக்கமா கொஞ்சம் கொஞ்சமா விட்டோம், அம்மா துண்டுல சுத்தி மடியில வச்சிட்டா, பாதி கூழு அவ சேலையில. ராத்திரி ஒண்ணும் போடல, நானும் உறங்கல. காலைல கொத்தமல்லி தழைய மூக்குகிட்ட காட்டுனேன், தண்டு நுனிய புடிச்சு இழுத்தான் பாருங்க! அப்புறம் அருகம்புல்லும் கொறிச்சான். இப்போ பதினேழு புழுக்கை, கடைசி ரெண்டு பெருசு. மாடியில ஒரு பெண் முயல் உண்டு அக்கா, இனி ஒண்ணா விடலாம்லா?

குழித்துறை அக்கா: சந்தோசம் தம்பி. ஒண்ணா இப்போ விடாதீங்க, கொழாய்ல விந்து மிச்சம் இருக்கும், குட்டி உண்டாயிரும். கொறஞ்சது நாலு வாரம், ஆறு வாரம்னா நல்லது. பழம் கொஞ்ச நாளைக்கு வேண்டவே வேண்டாம், புல்லுதான் மெயின்.

தக்கலை: சரி அக்கா. மட்டிப்பழத்த அம்மா ஒளிச்சு வச்சிட்டா.