மறு: தீவிர மலேரியா – ‘ஒதுக்கம்’ என்ற சொல் பற்றி

> ‘ஒதுக்கம்’ போதும். சுருக்கமாகவும் இருக்கிறது.

வணக்கம் அக்கா,

நம் மலேரியாத் துண்டறிக்கையில் ‘sequestration’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு ‘ஒதுக்கம்’ போதும் என்கிறீர்கள். சுருக்கம் சரி, ஆனால் நடப்பதை அந்தச் சொல் மறைத்துவிடுகிறது. ஃபால்சிபாரம் என்ற மலேரியா ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்களை யாரும் ஒதுக்குவதில்லை. அவையே நுண்குழல்களின் உட்சுவரில் அப்பிக்கொள்கின்றன. பின்னால் வரும் இரத்தம் தேங்குகிறது. மடைவாயில் ஆகாயத்தாமரை அப்பினால் என்ன ஆகும் என்று இங்கே பர்மாவில் பெகு வயல்காரர்களுக்குத் தெரியும். என் பரிந்துரை ‘ஒட்டுத்தேக்கம்’. ‘தேக்கம்’ என்றால் உடலில் நீர் கோத்த வீக்கம் என்று எண்ணிவிடுவார்களே என ஐயா கேட்டது நியாயம்தான். முன்னால் ‘ஒட்டு’ நிற்பது அதற்காகவே.

இந்தச் சொல் அமைந்தால் மற்றதை விளக்குவது எளிது. ஆக்சிஜன் எட்டாத திசுக்களில் லாக்டிக் அமிலம் குவிகிறது. அதை அகற்ற வேண்டிய கல்லீரலும் சிறுநீரகமும் அதே தேக்கத்தில் தவிக்கின்றன. நோயாளி ஆழமாக, வேகமாக மூச்சிரைப்பது இந்த அமிலத்தால். கல்லீரல் புதுச் சர்க்கரை ஆக்குவதும் குறைகிறது, ஒட்டுண்ணியும் தின்கிறது, கொய்னா (குயினைன்) மருந்தோ இன்சுலினைத் தூண்டி இன்னும் இறக்குகிறது. 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 40 மில்லிகிராமுக்குக் கீழே போனால் அது தீவிர மலேரியாவின் அடையாளம். நம் துண்டறிக்கையில் கொய்னாவை முதல் மருந்தாகச் சொல்லும் வரியை எடுத்துவிட வேண்டும்: பர்மா நோயாளிகளும் பங்குபெற்று 2005இல் வெளியான ஆய்வில், கொய்னா பெற்றவர்களில் 22 சதவீதம் பேரும் ஆர்ட்டிசுனேட் ஊசி பெற்றவர்களில் 15 சதவீதம் பேரும் இறந்தனர்.

மலேரியாவில் சிறுநீர் கருத்துப்போகும் நிலைக்குக் ‘கருநீர்க் காய்ச்சல்’ என்ற பெயர் எனக்கு முழுச் சம்மதம். என் சித்தப்பா காட்டு வேலையிலிருந்து திரும்பியபோது கண் மஞ்சள், சிறுநீர் கடுங்காப்பி நிறம். காமாலை என்று சித்தி மூன்று நாள் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். விரலில் குத்திப் பார்த்த பிறகுதான் மலேரியா என்று தெரிந்தது. பிழைத்துக்கொண்டார், சிறுநீர் பழையபடி பிரிய இரண்டு வாரம் ஆயிற்று. நிறத்தைப் பெயரிலேயே சொல்லிவிட்டால் இன்னொரு சித்தி அந்த மூன்று நாளை இழக்க மாட்டார்.

மலேரியாவுக்குப் பர்மியர் சொல்லும் ‘ஙெப்யா’வைத் தமிழாக்கும் யோசனை வேண்டாம். சொல்லுக்குச் சொல் அது பறவைக் காய்ச்சல். தமிழில் அந்தப் பெயர் கோழிகளுக்கு வரும் வேறு நோய்க்குப் போய்விட்டது. மலேரியா மலேரியாவாகவே இருக்கட்டும்.

முதலில் வரும் இடத்தில் ‘நுண்குழல்களில் அணுக்கள் ஒட்டி இரத்தம் தேங்குதல்’ என்று விரித்தெழுதி, பிறகு ‘ஒட்டுத்தேக்கம்’ என்று மட்டும் போடலாம். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இதைவிட நல்ல சொல் இருந்தால் அதற்குள் எழுதுங்கள்.

அன்புடன்,
ரங்கூனிலிருந்து