28வது வாரம், நாடி 96: எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்க அனுப்பணுமா?

மேலூர் செவிலியர்:
தலைப்பிரசவம், 24 வயசு. 12வது வாரத்துல நாடி 78, பி.பி. 112/70, ஹெச்.பி. (ரத்தத்துல ஹீமோகுளோபின் அளவு) 11.8. இப்ப 28வது வாரம்: நாடி 96, பி.பி. 102/62, ஹெச்.பி. 10.6. மல்லாக்கப் படுக்க வச்சு வயித்தைப் பார்த்தா ரெண்டு நிமிஷத்துல வேர்த்து, கிறுகிறுன்னு வருதுங்கிறா. வீட்டுல எக்கோ எடுக்கணும்னு நிக்கிறாங்க. மதுரைக்கு அனுப்பணுமா?

மகப்பேறு மருத்துவர்:
சிஸ்டர், நாடியும் பி.பி.யும் பெரும்பாலும் கர்ப்பத்தோட வேலைதான். கடைசி மாசங்களுக்குள்ள ரத்தம் 40-50 சதவீதம் கூடிடும். அதைத் தள்ள நாடி 10-20 ஏறும். ரத்தக்குழாய் தளர்றதால பி.பி. நடு மாசங்கள்ல இறங்கி, பிரசவம் நெருங்க பழையபடி ஏறும்.

ஹெச்.பி.யை மட்டும் "ரத்தம் நீர்த்திருக்கு"ன்னு விட்டுடாதீங்க. 11க்குக் கீழன்னா ரத்தசோகைதான், படபடப்பை அதுவும் ஏத்தும். இரும்புச்சத்து மாத்திரை காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. கால்சியம் மாத்திரை 2 மணி நேரமாவது தள்ளித்தான். டீயோட விழுங்குறாளான்னும் கேளுங்க.

மல்லாக்கப் படுத்தா, கருப்பை முதுகெலும்புக்கு வலப்பக்கம் ஓடுற பெரிய சிரையை அமுக்கிடும்; கீழிருந்து ரத்தம் இதயத்துக்குத் திரும்பாது. வலது இடுப்புக்கு அடியில போர்வையை மடிச்சு வச்சு, இடப்பக்கம் சாய்ச்சுப் பாருங்க.

பிரசவ வார்டு செவிலியர்:
ஆனா பி.பி.யை அப்படி ஒருக்களிச்ச நிலையில வலது கையில எடுக்காதீங்க. பட்டை இதயத்துக்கு மேல நிக்கிறதால குறைச்சுக் காட்டும். 140/90ன்னு பி.பி. கூடியிருந்தாலும் தெரியாம தப்பிடும். 5 நிமிஷம் உட்கார வச்சு, கையை மேசையில தாங்கி எடுங்க.

இதய மருத்துவர்:
சின்ன வயசுல காய்ச்சலோட மூட்டு வீங்கியிருக்கா? 3 வாரத்துக்கு ஒருக்கா பென்சிலின் ஊசி போட்டாங்களா?

மேலூர் செவிலியர்:
அவங்க அம்மாகிட்ட கேட்டேன் டாக்டர். 11 வயசுல முழங்கால் வீங்குச்சாம். ஒரு வருஷம் ஊசி போட்டு நிறுத்திட்டாங்களாம்.

இதய மருத்துவர்:
அப்ப இந்த வாரமே அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்புங்க. அது ருமாட்டிக் காய்ச்சலா இருந்திருந்தா, இதயத்தோட இடப்பக்கம் இருக்கிற மைட்ரல் வால்வைச் சுருக்கியிருக்கலாம். சுருங்கின வால்வு வழியா ரத்தம் இறங்க, ரெண்டு துடிப்புக்கு நடுவுல நேரம் வேணும். நாடி ஏற ஏற அந்த நேரம் குறையும், ரத்தம் நுரையீரல்ல தேங்கும். எக்கோ வெறும் ஒலி அலைதான், பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது.

அதுவரை ராத்திரி மூச்சு முட்டி எழுந்து உட்கார்றாளா, நுரையா சிவந்த சளி வருதான்னு கேட்டுக்கிட்டே இருங்க. ஒண்ணு இருந்தாலும் 108தான். வழியில மல்லாக்கப் போடாம, நிமிர்ந்து உட்கார வச்சுக் கூட்டிட்டு வரச் சொல்லுங்க. சலைன் வேகமா ஏத்த வேண்டாம். வால்வு சுருங்கியிருந்தா பிரசவம் ஆன முதல் 48 மணி நேரம்தான் பெரிய கண்டம்: கருப்பை சுருங்கி, அதுல இருந்த ரத்தமெல்லாம் ஒரேயடியா இதயத்துக்கு வரும். பழைய ஊசிச் சீட்டு கிடைச்சா கையோட கொடுத்து விடுங்க.