பங்கு கேட்கிறவளே பில்லைக் கட்டட்டும்

அப்பா தன் சம்பாத்தியத்தில் கட்டிய வீட்டை அண்ணன் பேருக்குத் தானசெட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தபோது எனக்கோ தங்கைக்கோ வருத்தமில்லை. "அப்பாவோட வைத்தியச் செலவு மொத்தமும் என் பொறுப்பு" என்று உறவுக்காரர்கள் நடுவில் அண்ணன் சொன்னான். பத்திரத்தில் அந்தப் பேச்சு ஏறவில்லை. அன்பினாலும் பாசத்தினாலும் கொடுக்கிறேன் என்ற வழக்கமான வரிதான் இருந்தது.

சிறுநீரகம் கெட்டு டயாலிசிஸ் ஆரம்பித்த புதிதில் அண்ணன்தான் எல்லாம் கட்டினான். அதை மறைக்க மாட்டேன். இடையில் அம்மா பேரிலிருந்த நிலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அம்மா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தவர். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அது அப்பாவுக்கும் பிள்ளைகள் எங்கள் மூவருக்கும் சம பங்கு, மகன் மகள் என்ற பேதமே கிடையாது. கேட்டோம். அடுத்த முறை அப்பாவை அட்மிட் செய்துவிட்டு அண்ணனைக் கூப்பிட்டபோது வந்த பதில்: "பங்கு கேட்கிறவளே பில்லைக் கட்டட்டும்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. அப்பா காதிலும் விழுந்துவிட்டது. நகையை அடகு வைத்து டிஸ்சார்ஜ் செய்தோம், அது பெரிய விஷயமில்லை. அதன் பிறகு அவர் டயாலிசிஸுக்கே வரமாட்டேன் என்று அடம்பிடித்தார் பாருங்கள், அதைத்தான் தாங்க முடியவில்லை. தன்னால்தான் பிள்ளைகள் அடித்துக்கொள்கிறார்கள் என்று அவருக்கு நினைப்பு.

பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன் கீழ் வருவாய்க் கோட்டாட்சியரிடம் அப்பா பேரில் மனு கொடுத்தோம். அந்தச் சட்டத்தில் பராமரிப்பு என்றால் சோறு, துணி, இருப்பிடம் மட்டுமல்ல, வைத்தியமும் சேர்ந்தது. பிரிவு 23-ன்படி, கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு எழுதிக் கொடுத்த சொத்தை, வாங்கியவர் கவனிக்காமல் கைவிட்டால் ரத்து செய்யலாம். ஆனால் விசாரணையில் முதல் கேள்வியே "நிபந்தனை பத்திரத்தில் எங்கே இருக்கிறது?" என்பதுதான். அண்ணன் தரப்பில், தங்கைகளும் பிள்ளைகள்தானே, அவர்களையும் சேருங்கள் என்றார்கள். சட்டம் அதற்கு இடம் கொடுக்கிறது. நாங்களும் மறுக்கவில்லை, ஏற்கெனவே கட்டிக்கொண்டுதானே இருக்கிறோம்.

மாதாமாதம் மூவரும் கொடுக்க வேண்டும் என்று உத்தரவானது. சட்டத்தில் உச்சவரம்பே மாதம் ரூ.10,000. டயாலிசிஸ், ஊசி, மருந்து எல்லாவற்றுக்கும் அது எந்த மூலைக்கு? வீட்டை ரத்து செய்யக் கேட்டது தள்ளுபடி. கலெக்டரிடம் மேல்முறையீடு செய்ய 60 நாள் இருக்கிறது, பேப்பர் தயார் செய்துகொண்டிருக்கிறோம்.

* * *

அக்கா, மேல்முறையீட்டுக்கு முன்னால் பத்திரம் எழுதிய சமயத்தில் அண்ணன் கையெழுத்துப் போட்ட வேறு காகிதம் ஏதாவது இருக்கிறதா என்று வீடு முழுக்கத் தேடுங்கள். 2025 ஜனவரி 2-ல் உச்ச நீதிமன்றம் ஒரு மத்தியப் பிரதேசத் தாயின் தானப் பத்திரத்தை ரத்து செய்தது. அந்த வழக்கில் கடைசிவரை பார்த்துக்கொள்வதாக மகன் தனியாக ஓர் உறுதிமொழி எழுதிக் கொடுத்திருந்தார். இந்தச் சட்டம் முதியவர்களுக்காக வந்தது, அவர்களுக்குச் சாதகமாகத்தான் பொருள் கொள்ள வேண்டும் என்று தீர்ப்பு சொல்கிறது. அதை மனுவோடு இணையுங்கள்.

எங்கள் கதையில் அந்த வழியும் இல்லை. அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் மாமா வந்து, "கீமோ செலவை நான் பார்த்துக்கிறேன், நீ விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டுடு" என்றார். பங்கை விட்டுக்கொடுக்கும் பத்திரம் அது, தாத்தா வீட்டில் அம்மாவுக்கு இருந்த பங்கு அப்படித்தான் போனது. பதிவு முடிந்ததும் போன் எடுப்பதை நிறுத்திவிட்டார். அம்மாவுக்கு 60 ஆகவில்லை, வாக்குக் கொடுத்தவர் பிள்ளையுமில்லை, அண்ணன். அதனால் கோட்டாட்சியரிடம் போக வழியில்லை, சிவில் கோர்ட்தான். வாக்குக்கு ஈடாகப் பங்கை விட்டுக்கொடுத்தார் என்று காட்டினால்தான் வழக்கு நிற்கும் என்கிறார் வக்கீல். பத்திரத்திலோ பிரதிபலன் இல்லாமல், அதாவது எந்த ஈடும் வாங்காமல், விடுதலை என்று எழுதியிருக்கிறது. கைவசம் இருப்பது மாமா அனுப்பிய சில வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ்கள்தான். நோயாளியின் பயத்தைப் பார்த்து ஒருவர் கையெழுத்து வாங்குகிறார் என்றால் அவரை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

* * *

பத்திரம் எழுதப் போகிறவர்களுக்காக எங்கள் வீட்டு அனுபவம். அம்மா அப்பா எழுதிக் கொடுத்த வீட்டை வாங்கிக்கொண்டவன் நான்தான், மகன். வக்கீல் இரண்டு விஷயத்தில் விடாப்பிடியாக நின்றார். வீட்டில் அம்மா அப்பாவுக்கு ஆயுள்கால அனுபவ உரிமை. சாப்பாடு, ஆஸ்பத்திரிச் செலவு என் பொறுப்பு, தவறினால் பத்திரத்தை ரத்து செய்யலாம் என்று தனி நிபந்தனை. என்னை நம்பவில்லையா என்று அன்றைக்கு எனக்குச் சுருக்கென்றது, பேசாமல் கையெழுத்துப் போட்டேன். பிற்பாடு அப்பாவுக்கு பைபாஸ் நடந்தபோது யார் கட்டுவது என்று அக்காவும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பங்குப் பேச்சு அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அது வேறு இது வேறு என்று இருந்துவிட்டோம்.

முதலில் எழுதிய அக்காவுக்கு இன்னொன்று: 14567 முதியோர் உதவி எண். இலவசம். அப்பாவையே பேசச் சொல்லுங்கள். டயாலிசிஸை மட்டும் எக்காரணம் கொண்டும் தள்ளிப் போட விடாதீர்கள்.